நியூபவுண்ட்லாந்து காட் மீன்வளச் சரிவும் மீட்சியும்

நியூபவுண்ட்லாந்து காட் மீன்வளச் சரிவு என்பது, கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலில் வாழும் வடக்குக் காட் எனப்படும் மீன் தொகை, மிகைமீன்பிடிப்பினால் ஏறத்தாழ முற்றாக அற்றுப்போன நிகழ்வைக் குறிக்கும். 1992 சூலை 2 அன்று கனடிய அரசு இம்மீனைப் பிடிப்பதற்குத் தடை விதித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு என அறிவிக்கப்பட்ட இத்தடை, 2024 வரை 32 ஆண்டுகள் நீடித்தது. குறைந்துபோன கடல் மீன்வளத்தை மீட்பது பற்றிய பாடங்களில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் நிகழ்வுகளுள் இதுவும் ஒன்றாகும்.

மீனும் மீன்பிடியும்

காட் குளிர்ந்த கடலின் அடிப்பகுதியை ஒட்டி வாழும் பெரிய மீன் ஆகும். வடக்குக் காட் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. வயது முதிர்ந்த பெரிய பெண் மீன் ஒன்று ஒரு பருவத்தில் பல இலட்சம் முட்டைகளை இடக்கூடியது. கேப்பலின் என்னும் சிறுமீன் இவற்றின் முதன்மை உணவாகும்.

1497 ஆம் ஆண்டில் ஜான் கபோட் இக்கடற்பகுதிக்கு வந்த பின்னர், ஐரோப்பியர் இங்கு பெருமளவில் மீன்பிடிக்கத் தொடங்கினர். காட் மீனை உப்பிட்டு, உலர்த்தி ஏற்றுமதி செய்யும் தொழிலே நியூபவுண்ட்லாந்தின் கரையோர ஊர்கள் தோன்றுவதற்குக் காரணமாயிற்று. தூண்டில், கரையோரப் பொறிவலை போன்றவற்றைக் கொண்டு மீன்பிடித்த காலத்தில், ஆண்டுப் பிடிப்பு 3 இலட்சம் தொன்னுக்கு மேற்படவில்லை. ஆழ்கடலிலும் குளிர்காலத்திலும் மீன்கள் பெரும்பாலும் பிடிபடாமல் தப்பின.

1950களில் வந்த தொழிற்சாலைக் கப்பல்கள் இந்நிலையை மாற்றின. பெரிய இழுவை வலைகளும், மீனைக் கப்பலிலேயே துப்புரவு செய்து உறையவைக்கும் வசதியும் கொண்ட இவை, முட்டையிடக் கூடும் மீன் கூட்டங்களையும் ஆழ்கடலில் பிடித்தன. 1968 இல் பிடிப்பு ஏறத்தாழ 8,10,000 தொன்னை எட்டியது. அதன்பின் பிடிப்பு விரைவாகக் குறைந்தது.

மதிப்பீட்டில் நேர்ந்த பிழை

1977 இல் கனடா தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைல்களுக்கு விரிவாக்கியது. வெளிநாட்டுக் கப்பல்கள் பெரும்பாலும் வெளியேறின. அவற்றின் இடத்தைக் கனடிய இழுவைக் கப்பல்கள் நிரப்பின. ஒவ்வோர் ஆண்டும் பிடிக்கத்தக்க மொத்த அளவை, மீன்வளத்தின் மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டு அரசு வரையறுத்தது. அந்த மதிப்பீடு உண்மையை விடப் பெரிதாக இருந்தது.

இதற்கு ஒரு முக்கிய காரணம் மீன்களின் இயல்பாகும். காட் மீன்களின் தொகை குறையும்போது, எஞ்சியவை கடலெங்கும் ஐதாகப் பரவியிராமல் சில இடங்களில் அடர்த்தியாகக் கூடுகின்றன. எதிரொலிக் கருவிகளின் துணையுடன் கப்பல்கள் அக்கூட்டங்களையே தேடிப் பிடித்தன. இதனால் மீன்வளம் சுருங்கிக்கொண்டிருந்த போதும், ஒரு மணிநேர இழுவைக்குக் கிடைத்த மீனின் அளவு அதே வேகத்தில் குறையவில்லை. கப்பல்களின் பிடிப்பை அளவுகோலாகக் கொண்ட மதிப்பீடுகள் மீன்வளம் பெருகுவதாகக் காட்டின. மாறாக, கரைக்கு வரும் மீன்கள் குறைந்து வருவதாகவும் சிறுத்து வருவதாகவும் கரையோர மீனவர் 1980களில் எச்சரித்தனர்.

1989 இல் அறிவியலாளர்கள் தம் மதிப்பீட்டைத் திருத்தி, அரசின் விதிப்படி 1,25,000 தொன்னே பிடிக்கலாம் எனக் கண்டனர். வேலையிழப்பை அஞ்சிய அரசு 2,35,000 தொன்னுக்கு அனுமதி அளித்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில், முட்டையிடும் மீன்களின் தொகை பழைய அளவில் சில விழுக்காடாகச் சுருங்கியது. அக்காலத்தில் கடல்நீர் வழக்கத்தை விடக் குளிர்ந்திருந்ததும், கேப்பலின் மீன்கள் குறைந்ததும் சரிவை விரைவுபடுத்தின.

தடையின் விளைவுகள்

மீன்வள அமைச்சர் ஜான் கிராசுபி அறிவித்த தடையால் மீனவர், மீன் பதனிடும் தொழிலாளர் என ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். இது கனடிய வரலாற்றில் மிகப் பெரிய ஒருங்கு வேலையிழப்பாகக் கருதப்படுகிறது. அரசு உதவித்தொகையும் மறுபயிற்சியும் வழங்கியது. ஆயினும் இளைஞர் பலர் வேறு மாகாணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பல கரையோர ஊர்களில் மக்கள் தொகை குறைந்தது. காட் மீன் அற்ற கடலில் இறாலும் நண்டும் பெருகின. இவற்றால் கிடைத்த வருவாய் காட் மீனின் வருவாயை மிஞ்சியது. ஆனால் அது முன்னரை விடக் குறைவான குடும்பங்களையே சென்றடைந்தது.

மீட்சி தாமதமானமைக்கான காரணங்கள்

* பெரிய, வயது முதிர்ந்த மீன்கள் அற்றுப்போனமையால் முட்டை உற்பத்தி குறைந்தது.
* உணவான கேப்பலின் நெடுங்காலம் பெருகவில்லை.
* 1999 இல் கரையோர மீன்பிடி சிறு அளவில் மீண்டும் திறக்கப்பட்டது. மீன்கள் மேலும் குறைந்ததால் 2003 இல் அது மூடப்பட்டது.
* பிற மீன்களுக்கு விரித்த வலைகளிலும், 200 கடல் மைல் எல்லைக்கு வெளியேயும் காட் மீன்கள் தொடர்ந்து பிடிபட்டன.

2010களில் மீன்வளம் ஓரளவு வளர்ந்தது. பின்னர் புதிய மதிப்பீட்டு முறையின்படி, அது "நெருக்கடி" நிலையிலிருந்து "எச்சரிக்கை" நிலைக்கு மாற்றப்பட்டது. 2024 சூனில் அரசு தடையை நீக்கி 18,000 தொன் பிடிக்க அனுமதித்தது. இது 1968 இன் பிடிப்பில் நாற்பதில் ஒரு பங்கிற்கும் குறைவாகும். மீன்வளம் போதிய அளவு தேறவில்லை எனச் சூழலியல் அமைப்புகள் இம்முடிவைக் குறைகூறின.

வடகடல் ஹெரிங்குடன் ஒப்பீடு

ஐரோப்பாவின் வடகடலில் ஹெரிங் மீன்வளம் சரிந்தபோது, 1977 இல் அங்கு மீன்பிடி மூடப்பட்டது. ஹெரிங் இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே முதிர்ச்சி அடைவதால், 1980களின் தொடக்கத்தில் மீண்டும் பிடிக்கத்தக்க அளவுக்குப் பெருகியது. 1990களின் நடுவில் இரண்டாம் முறை குறையத் தொடங்கியபோது, 1996 இல் ஆண்டின் இடையிலேயே அனுமதி அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. இம்முறை மீன்பிடியை முற்றாக மூடாமலே மீன்வளம் தேறியது.

மேலாண்மையில் ஏற்பட்ட மாற்றம்

1995 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் மீன்வள உடன்படிக்கை, முன்னெச்சரிக்கை அணுகுமுறையை வலியுறுத்துகிறது. இதன்படி, மீன்வளம் எந்த அளவுக்குக் கீழே செல்லக்கூடாது என்பதும், அந்த அளவை நெருங்கும்போது பிடிப்பை எவ்வாறு குறைப்பது என்பதும் முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டும். மதிப்பீட்டில் ஐயம் இருக்குமாயின் பிடிப்பைக் குறைவாக வைக்க வேண்டும். ஐயத்தைக் காரணம் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. 1989 இல் பிடிப்பைப் பாதியளவாகக் குறைத்திருந்தால் சில ஆயிரம் பேரின் வேலை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அக்குறைப்பு தவிர்க்கப்பட்டமையால், மூன்றே ஆண்டுகளில் அத்தொழில் முழுவதுமே நின்றுபோனது.