ரொட்டி கேட்ட பெண்கள். முடி துறந்த மன்னர்!

1917-ம் ஆண்டு. முதல் உலகப்போர் நடந்துகொண்டு இருந்தது. ரஷியாவின் தலைநகர் பெட்ரோகிராட்டில் கடுங்குளிர். ரொட்டிக் கடைகளில் நீண்ட "கியூ".

அங்கே பீரங்கி செய்த புட்டிலோவ் தொழிற்சாலையில் சுமார் 30 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். கூலித் தகராறு முற்றியது. மார்ச் 7-ந் தேதி ஆலைக் கதவு அடைக்கப்பட்டது.

பனி உருண்டை

மறுநாள் சர்வதேச மகளிர் தினம். பஞ்சாலைப் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பகல் எல்லாம் ஆலையில் உழைப்பு. பிறகு ரொட்டிக்காகக் குளிரில் காத்திருப்பு. எத்தனை நாள் பொறுப்பார்கள்?

"ரொட்டி வேண்டும்" என்று முழங்கியபடி இரும்பு ஆலைகளுக்குப் போனார்கள். ஜன்னல்களில் பனி உருண்டைகளை வீசி, ஆண்களையும் வெளியே அழைத்தார்கள்.

சுடுவதற்கு அனுப்பிய சிப்பாய்களும் மக்கள் பக்கம் சேர்ந்தார்கள். மார்ச் 15-ந் தேதி ஜார் மன்னர் இரண்டாம் நிக்கலஸ் முடி துறந்தார்!

தள்ளுவண்டி ஊர்வலம்

ஆலைகள் திறந்தன. அபராதம் போட்டு வதைத்த மேஸ்திரிகளின் கதி என்ன? தலையில் சாக்கைக் கவிழ்த்து, தள்ளுவண்டியில் ஏற்றி, வாசலுக்கு வெளியே கொட்டினார்கள்! "இனி உள்ளே வராதே" என்பது அதன் பொருள்.

ஆலைதோறும் தொழிலாளர் குழுக்கள் தோன்றின. கூலி பற்றியும், வேலை நேரம் பற்றியும் நிர்வாகத்துடன் பேசின.

1897-ம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 11½ மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. 1917 மார்ச் 23-ந் தேதி பெட்ரோகிராட் சோவியத்தும் முதலாளிகள் சங்கமும் உடன்பாடு கண்டன. இனி 8 மணி நேரம்தான்!

வேலை நேரம் குறைந்தது. ரொட்டி "கியூ" குறையவில்லை. போரும் நிற்கவில்லை. நவம்பரில் அடுத்த புரட்சி வெடித்தது.