எதிர்பார்ப்பை எங்கே வைப்பது?
எர்ன்ஸ்ட் ஹாஸின் ஒருங்கிணைப்புக் கோட்பாடும் நமது போராட்டமும்



1946ஆம் ஆண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு மனு அளித்திருந்த செய்தியை அறிந்த அண்ணல் அம்பேத்கர், அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அந்த மனுவின் படிகளை அனுப்பித் தரும்படி கேட்டார். இந்தியத் தீண்டப்படாதோரும் அதே வழியில் செல்ல எண்ணுகிறார்கள் என்பதையும் அதில் தெரிவித்தார். அந்தக் கடிதம் எழுப்பும் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது: நாடுகளுக்கு மேலே இருக்கும் ஓர் அமைப்பு, நாட்டுக்குள் ஒடுக்கப்பட்டுக் கிடக்கும் மக்களுக்கு எப்போது பயன்படும்?

இக்கேள்விக்கு விடை தேட உதவும் ஓர் அரசியல் அறிவியலாளரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் எர்ன்ஸ்ட் ஹாஸ். சாதியைப் பற்றி ஆய்வு செய்தவரல்ல. ஆனால் அதிகாரம் எப்படி இடம் மாறுகிறது என்பதைக் கூர்ந்து பார்த்தவர்.

ஹாஸ் 1924இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகளின் ஆட்சியில் வாழ முடியாமல் 1938இல் அக்குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது. பின்னர் அவர் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 2003இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். பிறந்த நாட்டின் அரசே தம் மக்களை வேட்டையாடியதைச் சிறுவயதில் கண்டவர் அவர். தேசிய அரசின் பிடியைத் தளர்த்துவது எது என்ற கேள்வி அவருக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூகம். 1951இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் கையெழுத்திட்டு அதை உருவாக்கின. போருக்கு வேண்டிய இரண்டு பொருட்களான நிலக்கரியையும் எஃகையும் அவை ஒரு பொது அதிகார அமைப்பின் கீழ் வைத்தன. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒருவரையொருவர் கொன்று குவித்த நாடுகள் இதற்கு எப்படி உடன்பட்டன?

தலைவர்களின் பெருந்தன்மை என்று சொல்வது எளிது. 1958இல் வெளிவந்த 'ஐரோப்பாவின் ஒன்றிணைவு' என்ற நூலில் ஹாஸ் வேறு பதில் சொன்னார். ஆலை முதலாளிகள், தொழிற்சங்கங்கள், அரசியல் கட்சிகள் ஆகியோர் தங்கள் நலனைக் கணக்குப் போட்டார்கள். தங்களுக்கு வேண்டியது தலைநகரில் கிடைக்காமல் பொது அமைப்பில் கிடைக்கும் என்று தெரிந்தபோது, தங்கள் கவனத்தையும் கோரிக்கையையும் எதிர்பார்ப்பையும் அந்தப் புதிய மையத்தை நோக்கித் திருப்பினார்கள். இப்படி எதிர்பார்ப்பு இடம் மாறுவதைத்தான் அவர் ஒருங்கிணைப்பு என்றார். ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி 1951இல் நிலக்கரிச் சமூகத்தை எதிர்த்தது. 1957இல் பொதுச் சந்தைக்கான ரோம் உடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்தது. இடைப்பட்ட காலத்தில் தொழிற்சங்கங்கள் பெற்ற அனுபவம் அந்த மாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஒரு துறையில் தொடங்கும் ஒத்துழைப்பு அடுத்த துறைக்கும் வழிந்து பரவும் என்பது அவருடைய அடுத்த கருத்து. இதற்கு, அவருடைய நூல் வெளிவந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ரோம் உடன்படிக்கையின் 119ஆவது பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்றது. அது பெண்ணுரிமைக்காக எழுதப்பட்டதல்ல. பிரான்சில் அந்தச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. மற்ற நாடுகள் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்து மலிவாக விற்றால் தங்கள் தொழில் படுத்துவிடும் என்று பிரான்ஸ் அஞ்சியது. அந்தப் பிரிவு பல ஆண்டுகள் ஏட்டில் தூங்கியது. 1966இல் பெல்ஜியத்தின் எர்ஸ்டால் ஆயுதத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதைக் கையில் எடுத்தார்கள். பிறகு விமானப் பணிப்பெண் கப்ரியேல் டெஃப்ரென் தொடுத்த வழக்கில், 1976இல் ஐரோப்பிய நீதிமன்றம், அந்தப் பிரிவைக் காட்டி எந்தத் தொழிலாளியும் தன் நாட்டு நீதிமன்றத்தில் உரிமை கோரலாம் என்று தீர்ப்பளித்தது. முதலாளிகளின் கணக்குக்காக எழுதப்பட்ட வரி, போராடியவர்கள் கைக்கு வந்ததும் ஆயுதமாயிற்று.

ஆனால் இந்தப் பரவல் தானாக நடந்துவிடாது. 1965இல் பிரெஞ்சு அதிபர் டி கோல் தம் அமைச்சர்களை ஐரோப்பிய அமைச்சரவைக் கூட்டங்களிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார். ஏறத்தாழ ஏழு மாதங்கள் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. தேசியவாதத்தின் வலிமையைத் தாம் குறைத்து மதிப்பிட்டுவிட்டதை ஹாஸ், நூலின் 1968ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் ஏற்றுக்கொண்டார். 1975இல், பிராந்திய ஒருங்கிணைப்புக் கோட்பாடே காலாவதியாகி வருகிறது என்றும் எழுதினார். தம் கோட்பாட்டைத் தாமே திருத்திக்கொண்ட நேர்மை அது. மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி நமக்கு நெருக்கமான இடத்துக்கு வருவோம். 1964இல் எழுதிய 'தேசிய அரசுக்கு அப்பால்' என்ற நூலில் ஹாஸ், ஐ.எல்.ஓ. எனப்படும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை ஆராய்ந்தார். ஐரோப்பாவில் நடந்தது போன்ற அதிகார மாற்றம் உலக அளவில் அங்கே நடக்கவில்லை என்பதைக் கண்டார். ஆனாலும் அந்த அமைப்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அங்கே அரசுகள் மட்டும் உட்காருவதில்லை. முதலாளிகளும் தொழிலாளர்களும் தனித்தனியே வாக்குரிமையோடு உட்காருகிறார்கள். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்ற அண்ணல், 1942இல் இந்தியாவிலும் இதே முத்தரப்பு முறையில் மாநாட்டைக் கூட்டினார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஐ.எல்.ஓ.வின் 111ஆவது உடன்படிக்கை, வேலையில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. 'சமூகப் பிறப்பிடம்' என்ற அடிப்படையும் அதில் அடங்கும். இந்தியா 1960இல் அதை ஏற்றது. அதன் கீழ் அந்த அமைப்பின் நிபுணர் குழு, கையால் மலம் அள்ளும் தொழிலைச் சாதிப் பாகுபாடாகக் கருதி, பல ஆண்டுகளாக இந்திய அரசிடம் விளக்கம் கேட்டுவருகிறது. அக்குழுவுக்குத் தொழிற்சங்கங்கள் தம் கருத்தை நேரடியாக எழுதலாம். இங்கேதான் சிக்கல். ஒப்பந்தக்காரரிடம் நாள் கூலிக்குச் சாக்கடையில் இறங்கும் நம் சகோதரன் எந்தச் சங்கத்தில் இருக்கிறான்? அந்தச் சங்கத்தின் தலைமையில் யார் இருக்கிறார்கள்? கதவு திறந்திருக்கிறது, அதன் சாவி சங்கத்தின் கையில் இருக்கிறது.

இனப்பாகுபாட்டு ஒழிப்புக்கான ஐ.நா. உடன்படிக்கை இன்னொரு கதவு. அதன் முதற்பிரிவில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். 1996இல் அந்த உடன்படிக்கையின் குழு, சாதியும் அச்சொல்லில் அடங்கும் என்றது. இந்திய அரசு மறுத்தது. 2001இல் தலித் அமைப்புகள் டர்பன் மாநாட்டில் குரல் எழுப்பின. 2002இல் அக்குழு தன் 29ஆவது பொதுப் பரிந்துரையில் சாதியை வெளிப்படையாகக் குறிப்பிட்டது. அரசு இன்னும் ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பரிந்துரையை இனி யாரும் அழிக்க முடியாது.

கதவே இல்லாத இடமும் உண்டு. 1985இல் உருவான சார்க் அமைப்பின் சாசனம், எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும், சர்ச்சைக்குரிய பிரச்சினைகளைப் பேசக் கூடாது என்கிறது. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை என்று சாதி எல்லைகளைத் தாண்டி வாழ்கிறது. அதை எதிர்ப்பவர்கள் சேர்ந்து பேச அந்த மேசையில் ஒரு நாற்காலிகூட இல்லை. அதன் உச்சி மாநாடும் 2014க்குப் பிறகு நடக்கவில்லை.

ஹாஸிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். வெளியே இருக்கும் அமைப்பு நம்மீது இரக்கப்பட்டு எதையும் செய்யாது. எங்கே நமக்கு இடம் இருக்கிறது, எந்த வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம், அங்கே கிடைத்ததை நம் ஊர் நீதிமன்றத்துக்கும் தெருவுக்கும் எப்படிக் கொண்டுவருவது என்று கணக்குப் போட வேண்டியவர்கள் நாமே. ஜெனீவாவில் ஒரு வரி எழுதப்பட்டால் மலக்குழி மரணம் நின்றுவிடாது. இங்கே அமைப்பாகத் திரண்ட மக்கள் அந்த வரியைக் கையில் எடுத்தால்தான் அதற்கு உயிர் வரும். எர்ஸ்டால் பெண்கள் செய்தது அதைத்தான். 1946இல் ஒரு மனுவின் படிகளைக் கேட்டு எழுதிய அண்ணல், அதற்கு முன்பே இங்கே மக்களை அமைப்பாகத் திரட்டியிருந்தார். அந்த வரிசையை நாம் மறக்கக் கூடாது.

ஜெய் பீம்.