யார் தேடினார் என்று சொல்லாத நூலகம்

இடம்பெயர்ந்த குடும்பத்திடம் எத்தனை பேர் விபரம் கேட்கின்றார்கள்! கிராம உத்தியோகத்தருக்கு ஒரு பட்டியல், பிரதேச செயலகத்துக்கு ஒன்று, நிவாரணம் தருவோருக்கு (நாமும் இதில் அடக்கம்) இன்னொன்று. கேட்காமலே எழுதப்படும் பதிவும் ஒன்று உண்டு. கணினியில் காணிச் சட்டத்தையோ காணாமற்போன உறவினரையோ தேடும்போது, எந்த இணைப்பிலிருந்து எங்கே போனோம் என்பது வழியில் பதிவாகிவிடும்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் லெபனன் என்னும் சிறுநகரில் கில்ட்டன் நூலகம் இருக்கின்றது. 2015 இல் அது 'டோர்' என்ற வலையமைப்புக்குக் கணினி ஒன்றை ஒதுக்கியது. 'டோர்' வெங்காயத்தை வைத்துப் பெயர் பெற்றது. நாம் அனுப்பும் கேள்வி, தோலுக்குமேல் தோலாக மூன்று உறைகளுக்குள் வைக்கப்பட்டு, வெவ்வேறு இடங்களிலுள்ள மூன்று கணினிகள் வழியே செல்லும். ஒவ்வொன்றும் ஓர் உறையை மட்டுமே உரிக்கும். முதற் கணினிக்கு அனுப்பியவரின் இடம் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. இத்தகைய வழிக்கணினி ஒன்றையே நூலகம் இயக்கியது. குற்றவாளிகளும் இதில் ஒளிவார்களே என்று பொலிசார் எச்சரிக்க, நூலகம் அதை நிறுத்தியது. செப்டெம்பரில் ஊரவர் கூட்டத்துக்கு வந்து ஆதரித்துப் பேசினர். நிர்வாக சபை மறுபடியும் இயக்கத் தீர்மானித்தது.

பொலிசாரின் அச்சத்தைக் கண்டி மாவட்டத்தில் வாழும் நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தன் பழைய நகரை இழந்த தெல்தெனியவிலும் அருகே திகனவிலும், 2018 மார்ச்சில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பகையைப் பரப்பியதில் பேஸ்புக்குக்கும் பங்குண்டு. அந்நிறுவனமே 2020 இல் வருத்தம் தெரிவித்தது. ஆனால் அன்று முகத்தைக் காட்டியே காணொளி வெளியிட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மறைவு தேவைப்படவில்லை. மார்ச் 7 இல் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் ஆகியவற்றை முடக்கியபோது, உறவினர் சுகமாக இருக்கின்றாரா என்று விசாரிக்க நினைத்தவருக்கும் வழி அடைபட்டது. பலர் 'வீபீஎன்' என்னும் மறைவழியை நாடினர். அவ்வழி நல்லவருக்கும் தீயவருக்கும் ஒருசேரத் திறந்திருந்தது உண்மைதான். இருந்தும் நாம் கில்ட்டன் நூலகத்தின் பக்கமே நிற்கின்றோம்.

கண்டி டி. எஸ். சேனாநாயக்க நூலகத்திலோ உங்கள் பிரதேச சபை நூலகத்திலோ 'டோர்' வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரவல் பதிவேட்டை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று நூலகரிடம் கேளுங்கள். பொதுக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்தால் மூடிவிட்டு எழும்புங்கள். அடையாள அட்டையின் படத்தை அதில் விட்டுவராதீர்கள். உறைக்குள் நாமே பெயரெழுதி வைத்தால், 'டோர்' கூட அதை மறைக்காது.