பழைய பிக்கப் வண்டிக்கு நான்கு சக்கர விசை

நீலகிரி ஜில்லாவில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தேயிலைத் தோட்டத்து மண்பாதைகள் சேறாகிவிடுவதும், பின்சக்கரங்களால் மட்டும் உந்தப்படும் பழைய பிக்கப் வண்டிகள் கொழுந்து மூட்டைகளோடு மேட்டில் நின்றுவிடுவதும் யாவரும் அறிந்ததே. பறித்த கொழுந்து மூட்டையில் நெடுநேரம் அடைபட்டுக் கிடந்தால் சூடேறிச் சிவந்து தரங்கெடும். ஆகையால் முன்சக்கரங்களுக்கும் விசையளித்தால் என்னவென்று தோட்டச் சொந்தக்காரர்கள் யோசிப்பது இயல்பே.

இது புதிய யோசனையன்று. அமெரிக்காவில் மார்மன்-ஹெரிங்டன் கம்பெனியார் 1930-களிலேயே போர்டு லாரிகளை இவ்விதம் மாற்றியமைத்தனர். கியர்ப் பெட்டிக்குப் பின்னே விசையைப் பிரித்தளிக்கும் டிரான்ஸ்பர் பெட்டியும், முன்புறம் செல்லும் ஒரு ஷாப்டும், சக்கரங்களைத் திருப்பிக்கொண்டே சுழற்றவல்ல முன் அச்சும் வேண்டும். இரண்டு அச்சுகளின் பற்சக்கர விகிதமும், டயர்களின் அளவும் ஒத்திராவிடில் அவை ஒன்றையொன்று எதிர்த்திழுத்துப் பற்கள் முறியும். ஒத்திருந்தபோதிலும், குன்னூர் மலைச்சாலை போன்ற தார் ரோட்டில், காய்ந்த நாட்களில் முன்விசையை விலக்கியே ஓட்டுதல் வேண்டும். இறக்கத்தில் பிரேக்கின் குறையை இவ்வேற்பாடு தீர்க்காது. பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

பட்டறைக்காரர் சம்மதித்தாலும் சட்டம் சம்மதிப்பதில்லை. வண்டியைத் தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக அதை மாற்றியமைப்பதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதனை உறுதி செய்தது. கிராம அதிகாரிகள் இதைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக. முன்விசை அவசியமானோர் தயாரிப்பிலேயே அவ்வசதியுள்ள ஜீப்பை வாங்குதல் சிலாக்கியம். மற்றையோர் சேற்றுப்பாதையில் பின்சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டலாம். பாதையின் உட்புறக் கால்வாயை வைகாசிக்குள் வாரிவிடலாம்.