பிட்காயின் கணினிகளை எண்ணுவது எப்படி?

பிட்காயினுக்குத் தலைமை அலுவலகம் கிடையாது. அதை இயக்கும் கணினி வலையமைப்பின் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வலையமைப்பில் இருக்கும் ஒரு கணினியிடம், தெரிந்த மற்ற கணினிகளின் முகவரிகளைக் கேட்பார்கள். கிடைத்த ஒவ்வொன்றிடமும் அதே கேள்வி. இணைய முகவரியை வைத்து நாட்டையும் ஊகிக்கலாம். ஆனால் முகவரியை மறைக்கும் டோர் (Tor) வலையமைப்பு வழியாக இயங்குபவை ஊரைக் காட்டாது. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவற்றில் பல கண்ணிலேயே படாது. ஆகவே இது குறைந்தபட்சக் கணக்குதான்.

புதிய பிட்காயின்களை ஈட்டக் கணினிகளை ஓட்டும் ‘சுரங்கங்களுக்கோ’ மின்சாரமே தடயம். 2024 தொடக்கத்தில் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 137 சுரங்க நிலையங்களை அடையாளம் கண்டது. டெக்சஸ், ஜார்ஜியா, நியூயார்க் மாநிலங்களில்தான் அதிகம். நாட்டின் மின் நுகர்வில் இத்தகைய சுரங்கங்களின் பங்கு 0.6 முதல் 2.3 சதவீதம் என்றது. மின் கட்டணம் கட்டும் மக்களுக்கு இவ்வளவு அகலமான மதிப்பீடு போதாது. சுரங்க நிறுவனங்களிடமே அந்த நிர்வாகம் நேரடியாக விவரம் கேட்ட அவசரக் கணக்கெடுப்போ, டெக்சஸில் தொடுக்கப்பட்ட வழக்கால் பிப்ரவரியிலேயே நின்றுபோனது.