வண்டித் தொழிலாளியும் கல்லூரி முதல்வரும்

நாம் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்தில் சென்ற வாரம் ‘பரியேறும் பெருமாள்’ படம் போட்டோம். முடிந்ததும், “யாரை மறக்க முடியவில்லை?” என்று கேட்டோம். பரியன், ஜோ, கருப்பி என்று பதில்கள் வந்தன. கடைசி வரிசையில் இருந்த பிளஸ் 2 மாணவி மட்டும், “அந்தப் பிரின்சிபால் சார்” என்றார். அவர் பெயர் என்ன என்றோம். ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் பெயர் ராமு. 2008-ல் சசி இயக்கிய ‘பூ’ படம் அவருக்கு அடைமொழியானது. அதற்கு முன்பே அவர் வீதி நாடகக் கலைஞர். முற்போக்கு எழுத்தாளர் கலைஞர் இயக்கத்தோடு நின்றவர். வீதி நாடகத்தில் திரை கிடையாது, மேடை கிடையாது. பார்ப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார். அங்கே பொய்யாக அழ முடியாது. சினிமாவிலும் அவர் அப்படியே நடித்தார்.

‘பூ’ படத்தில் அவர் வண்டித் தொழிலாளி. மகனை இன்ஜினீயர் ஆக்கிவிட வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை. ஊர் அவரைப் ‘பேனாக்காரர்’ என்கிறது. மகன் மேலே வர வேண்டும் என்ற அதே ஆசையில் வசதியான வீட்டில் பெண் எடுக்கிறார். மகனின் வாழ்க்கை கசந்துபோனதைக் கண்டு உடைகிறார். அவரைக் கெட்டவர் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. அவமானத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற நினைத்து வழி தவறிய அப்பாக்களை நாம் அறிவோம்.

‘நீர்ப்பறவை’யில் கடலுக்குப் போகும் அப்பா. ‘தங்க மீன்கள்’ படத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர். ‘சூரரைப் போற்று’ படத்தில் ஊருக்கு ரயில் நிற்க வேண்டும் என்று மனு மேல் மனு எழுதும் வாத்தியார். பெரும்பாலும் அப்பா வேடம்தான். ஆனால் ஒரு அப்பா மற்றொருவரைப் போல நடக்கவில்லை, பேசவில்லை.

2018-ல் ‘பரியேறும் பெருமாள்’. அதில் பரியனின் அப்பாவாக வருபவர் நெல்லையைச் சேர்ந்த நாட்டுப்புறக் கலைஞர் தங்கராசு. கல்லூரி வாசலில் வேட்டி உருவப்பட்டு ஓடுகிறார். அதே கல்லூரியில் முதல்வர் நாற்காலியில் ராமு. தானும் இப்படி அவமானப்பட்டு, வெறிகொண்டு படித்து இங்கே வந்தவன் என்று பரியனிடம் சொல்கிறார். கையை உயர்த்தவில்லை, குரலை ஏற்றவில்லை. சில நிமிடக் காட்சிதான்.

வண்டித் தொழிலாளியிலிருந்து முதல்வர் நாற்காலிக்கு அந்த நடிகர் வந்து சேர 10 ஆண்டுகள் ஆயின. நம் குடும்பங்களில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு தலைமுறையாவது ஆகிறது. கடந்து வந்தவர் பின்னால் வருபவரிடம் தன் கதையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசு வேலைக்குப் போனதும் ஊரையே மறைக்கும் நம்மவர்களுக்கு அந்தக் காட்சி ஒரு கேள்வி.

ராமு 2022 ஜூன் 27-ல் காலமானார். பேரனுக்குத் தீபாவளித் துணி எடுக்க ஆட்டை விற்கப் போராடும் தாத்தாவாக அவர் நடித்த ‘கிடா’ அதன் பிறகே திரைக்கு வந்தது. அதில் அவர்தான் முக்கியப் பாத்திரம். அதைத் தியேட்டரில் பார்க்க அவர் இல்லை.

அடுத்த வாரம் படிப்பகத்தில் ‘கிடா’ போடுகிறோம். மாணவர்களே, படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். கதாநாயகன் பெயருக்குக் கீழே ஓடும் பெயர்களையும் படியுங்கள்.