பூச்சியிலும் ஆள் மாறாட்டம்! பெயர் தெரியாமல் மருந்து அடித்தால் காசு போச்சு!

ஸ்ரீவைகுண்டம்:

"அண்ணாச்சி, வாழையில பூச்சி விழுந்துட்டு. ஒரு மருந்து குடுங்க!"

"என்ன பூச்சிவே?"

"கறுப்பா, மூக்கு நீண்டு இருக்கு..."

தாமிரபரணிக் கரை உரக்கடைகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவார். விவசாயியும் வாங்கிப் போவார். ஆனால் மூக்கு நீண்ட கறுப்பு வண்டு வாழையில் ஒன்று அல்ல. இரண்டு உண்டு!

ஒன்று கிழங்குக் கூன்வண்டு. இதன் புழு மண்ணுக்குள் கிழங்கைக் குடையும். இலை மஞ்சளாகி மரம் வாடும். மற்றொன்று தண்டுக் கூன்வண்டு. இது தண்டைத் துளைக்கும். துளை வழியே பிசின் வடியும். தார் போட்ட மரம் காற்றில் இரண்டாக ஒடிந்து விழும்.

முதல் வண்டுக்கு நடும்போதே கன்றைச் சீவிச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டாவதற்குத் தோகையைக் கழித்து, பிளந்த தண்டைப் பொறியாக வைக்க வேண்டும். ஆளைத் தெரியாமல் அடித்தால் காசும் போச்சு, தாரும் போச்சு!

பெட்டிக்குள் பூச்சி!

இந்த அடையாளம் காணும் வேலைக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. பூச்சியியல் என்று பெயர். ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்திலேயே, வல்லநாடு அருகே கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி உள்ளது. வேளாண்மை படிக்கும் மாணவர்கள் வலையும் பாட்டிலுமாக வயலில் இறங்கிப் பூச்சி பிடிப்பது பாடத்திலேயே ஒரு பகுதி.

பிடித்த பூச்சியைக் கண்டபடி குத்திவிட முடியாது. வண்டு என்றால் வலது இறக்கை உறையில் ஊசி குத்த வேண்டும். வண்ணத்துப்பூச்சி என்றால் நடு மார்பில். பிறகு பெட்டியில் அடுக்கி, பாச்சை உருண்டை போட்டு மூடுவார்கள்.

ஊசியை விட முக்கியம் அதன் அடியில் உள்ள துண்டுச் சீட்டு! எந்த ஊர், எந்தத் தேதி, எந்தப் பயிர், பிடித்தது யார் என்று அதில் இருக்கும். சீட்டு இல்லாத பூச்சி, முகவரி இல்லாத தபால் மாதிரி. எதற்கும் உதவாது.

தரங்கம்பாடி டாக்டர்

இந்தக் கணக்கெடுப்பு இன்று நேற்று வந்ததல்ல. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் சீடர் கோனிக், 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். ஊர் ஊராகச் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். கரையானைப் பற்றி 1779-ல் தனிக் கட்டுரையே எழுதினார்!

1914-ல் பிளெட்சர் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். 1940-ல் நம்மவர் டி.வி.ராமகிருஷ்ண அய்யர், பயிரைப் பாதிக்கும் பூச்சிகளுக்கு ஒரு கையேடு தந்தார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் பூச்சி அருங்காட்சியகமே திறக்கப்பட்டது.

கும்பினியை ஏமாற்றிய பூச்சி!

பெயர் தப்பினால் என்ன ஆகும்? இதோ ஒரு வேடிக்கைக் கதை.

மெக்சிகோவில் கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியைக் காய வைத்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்த வியாபாரம் முழுக்க ஸ்பெயின்காரன் கையில். கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஆசை விட்டதா? சென்னையில் டாக்டர் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்.

1795-ல் பிரேசிலில் இருந்து பூச்சி வந்து இறங்கியது. ஆனால் வந்தது வேறு ஆள்! அசல் பூச்சியின் பங்காளி. சாயம் மட்டமாக இருந்தது. ஆனால் அது ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது!

மிச்சம் இருந்த சப்பாத்திக்கள்ளியை மட்டும் அது தொடவே இல்லை. அந்தக் கள்ளி நிலத்தை எல்லாம் அடைத்துக்கொண்டது. சரியான பூச்சி எது என்று தேடிப் பிடித்து, 1926-ல் கடலுக்கு அப்பால் இலங்கையில் இருந்து கொண்டு வந்து விட்டார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் பெரும் பரப்பில் கள்ளி அழிந்தது. பூச்சி ஒரே குடும்பம்தான். ஆனால் ஆள் வேறு, வேலை வேறு!

பப்பாளிக்கு வந்த ஆபத்து

2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில் வெள்ளை மாவு பூத்தது போல் ஒரு பூச்சி. பிறகு மல்பெரி, மரவள்ளிக்கும் தாவியது. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்தார்கள்.

நிபுணர்கள் ஆளை அடையாளம் கண்டார்கள். மெக்சிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி! பெயர் தெரிந்ததும் அதன் எதிரியும் தெரிந்துவிட்டது. 2010-ல் போர்ட்டோரிக்கோவில் இருந்து சின்னஞ்சிறு குளவியை வரவழைத்து வயல்களில் விட்டார்கள். மருந்துக்கு மசியாத பூச்சி குளவிக்கு அடங்கியது.

நண்பனைக் கொல்லாதே!

நெல் வயலிலும் இதே கதைதான். தூரில் அமர்ந்து சாற்றை உறிஞ்சி, பயிரைத் தீய்ந்தது போல் ஆக்கும் புகையான் நமக்கு எதிரி. அதன் முட்டையைத் தின்னும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி நமக்கு நண்பன். பார்வைக்கு அது பச்சைத் தத்துப்பூச்சி மாதிரியே இருக்கும். "இதுவும் பூச்சிதானே" என்று மருந்தடித்தால் நண்பன் முதலில் சாவான். புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும்!

உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட பூச்சி இனங்கள் சுமார் 10 லட்சம். இந்தியாவில் மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல். பெயர் வைக்கப்படாதவை இன்னும் எத்தனையோ. கணக்கில் வராமலே அழிந்து போனால், அது நண்பனா எதிரியா என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

எனவே அடுத்த முறை வாழையிலோ நெல்லிலோ புதுப் பூச்சியைக் கண்டால், உரக்கடைக்கு ஓடுமுன் ஒரு காலித் தீப்பெட்டியை எடுங்கள். நாலைந்து பூச்சிகளைப் பிடித்துப் போடுங்கள். ஊரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். வேளாண்மை அலுவலகத்திலோ கல்லூரியிலோ காட்டுங்கள்.

முதலில் பேரைக் கேளுங்க. மருந்தை அப்புறம் பார்த்துக்கலாம்!